மரவிதையில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க

ஆனி, ஆடியில் துணுக்காய்ப் பக்கம் வேம்பும் பாலையும் பழுத்துக் கொட்டும். பொறுக்கிய விதையைப் பையில் கட்டிவைத்து ஐப்பசி மழைக்கு அவிழ்த்தால், பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம்தான் மிஞ்சும். வளவில் உள்ளதைக் கொண்டே தடுக்கலாம்.

1. வேப்பங்கொட்டை மாரிவரை உயிரோடு இருக்காது. மஞ்சளாகப் பழுத்ததைப் பறித்து, அன்றே மணலோடு பிசைந்து சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு கிழமைக்குள் நாற்றுப்பையில் ஊன்றுங்கள். மழைக்குக் கன்றாகவே நடலாம்.

2. பாலைக்கொட்டையில் சதையும் பாற்பசையும் ஒட்டியிருக்கும். பூஞ்சணத்துக்கு அந்தச் சதையே தீனி. அடுப்புச் சாம்பல் தொட்டு, பிசுபிசுப்புப் போகும்வரை தேய்த்துக் கழுவுங்கள். இதைச் செய்யாமல் கீழே சொல்லும் எந்தச் சாற்றில் ஊறவைத்தும் பயனில்லை.

3. வேப்பிலைச் சாறு: 100 கிராம் இலையை அம்மியில் அரைத்து, ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, துணியில் வடியுங்கள். விதையை அதில் சில மணித்தியாலம் போட்டெடுத்து ஊன்றலாம். வேம்பு பூச்சிக்கு எமன். பூஞ்சணத்தை ஓரளவுதான் அடக்கும். அன்றன்றைக்குப் புதிதாகச் செய்யுங்கள், மறுநாள் நாறிவிடும்.

4. பூஞ்சணத்துக்கு உள்ளிதான் கெட்டிக்காரன். முழுப் பல்லில் ஒன்றுமில்லை. நசித்தால்தான் அல்லிசின் என்ற காரப்பொருள் உண்டாகும். நசித்துப் பத்து நிமிடம் வைத்து, பச்சைத்தண்ணீரில் கரைத்து வடியுங்கள். கொதிக்கவைத்தால் வீரியம் போய்விடும். நிறையப் போட்டால் நல்லதென்று நினைக்க வேண்டாம்: தடித்த சாறு முளையையே அமுக்கும். நான்கைந்து பல்லுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், விதை அரை மணித்தியாலம் ஊறினால் போதும்.

5. புளியங்கொட்டை, கொன்றை விதை போன்றவற்றின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. அவை முளைக்க, ஓரத்தைக் கல்லில் உரசிவிட்டுச் சாற்றில் போடுங்கள். தேக்குக்கு வேறு வழி: இரவில் ஊறல், பகலில் வெயில், ஒரு கிழமைக்கு மாறி மாறி.

6. சாற்றை நம்புமுன் சோதியுங்கள். ஒரே மரத்து விதையில் பாதியைச் சாற்றிலும் பாதியை வெறுந்தண்ணீரிலும் நனைத்து, இரண்டு ஈரச்சாக்கில் தனித்தனியே சுற்றிவையுங்கள். எதில் முளை கூட, எதில் பூஞ்சணம் குறைவென்று கண்ணால் தெரியும்.

7. விதை தப்பினாலும் நாற்று அடித்தண்டு அழுகிச் சரிவதுண்டு. அது பெரும்பாலும் மண்ணிலிருந்து வருவது. தவறணை மேடையில் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்து, ஆறியபின் விதையுங்கள். தண்ணீரைக் காலையில் விடுங்கள். மாலையில் விட்டால் இரவு முழுக்க மண் ஈரமாகக் கிடக்கும்.