கடிதம் எழுதுதல்: கேளாமல் வந்த காஸ் சிலிண்டர்

வினா: கோண்டாவில் கிழக்கு, கோவில் வீதியில் வசிக்கும் உமது வீட்டில் நீர் இல்லாத வேளை, விற்பனை நிலைய ஊழியர் ஒருவர் 12.5 கிலோகிராம் காஸ் சிலிண்டர் ஒன்றை இறக்கிவிட்டு, வீட்டிலிருந்த வெற்றுச் சிலிண்டரை எடுத்துச் சென்றுள்ளார். உமது வீட்டார் எவரும் காஸ் கேட்டிருக்கவில்லை. இதனைச் சீர்செய்யுமாறு நிலைய முகாமையாளருக்கு ஒரு கடிதம் எழுதுக. (உமது பெயர் அ.ஆ.இ. எனக் கொள்க.)

மாணவர்களே, அலுவலகக் கடிதம் என்றவுடன் பலரும் முகவரி, திகதி, விளிப்பு, முடிப்பு ஆகியவற்றை மனனஞ் செய்துகொண்டு பரீட்சைக்குப் போகிறார்கள். அவை வேண்டியவைதாம். ஆனால் இடையில் வரும் பந்திகளில் என்ன எழுதுவது என்று தெரியாமல், “தங்கள் நிறுவனம் மேன்மேலும் வளர வாழ்த்துகிறேன்” என்று இடத்தை நிரப்புவோர் அதிகம். முகாமையாளருக்கு வேண்டியது வாழ்த்தன்று. எந்த வீடு, எந்த நாள், எந்தச் சிலிண்டர் என்பனவே.

ஆகவே எழுதுமுன் சிந்திக்க வேண்டியது, என்ன நடந்திருக்கும் என்பதே. யாழ்ப்பாணத்தில் கோவில் வீதி இல்லாத ஊரைக் காண்பது அரிது. கோண்டாவிலில் கிழக்கும் உண்டு, மேற்கும் உண்டு. மேற்கில் ஒரு வீட்டார் கேட்ட காஸ் கிழக்கிற்கு வந்திருக்கலாம். அப்படியானால் அந்த வீட்டில் இன்று அடுப்பு எரியவில்லை. 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டில் ஒரு சிலிண்டருக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதை உமது வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இன்னும் மூத்தவர்களைக் கேட்டால், 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் படித்த கதை சொல்வார்கள். எரிபொருளின் அருமை நமது ஊருக்குப் புதிதன்று.

அடுத்து, அந்தச் சிலிண்டர் யாருடையது? “அவர்கள் பிழை, நாங்கள் வைத்திருக்கலாம்” என்று சில மாணவர்கள் வகுப்பில் வாதிடுவதுண்டு. சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. நீர் கேட்கவில்லை, எனவே ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லாதவிடத்துப் பொருளின் உடைமை உமக்கு மாறுவதில்லை. பிறர் நட்டத்தில் ஒருவர் காரணமின்றிச் செல்வம் பெறலாகாது என்பது நமது நாட்டின் பொதுச் சட்டமாகிய ரோம டச்சுச் சட்டத்தின் கொள்கை. பிறருடையது என்று தெரிந்தும் நேர்மையீனமாகத் தமதாக்கிக்கொள்வது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமாகவும் ஆகலாம்.

கேட்ட பொருளுக்குப் பதில் வேறொன்று வந்தால் நிலைமை வேறு. அப்போது ஒப்பந்தம் உண்டு. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒன்று கேட்டு இரண்டு வந்தால், ஒன்றை ஏற்று மற்றதை மறுக்கலாம். இரண்டையுமே மறுக்கலாம். இரண்டையும் ஏற்றால் இரண்டிற்கும் பணம் கொடுக்க வேண்டும். மறுத்த பொருளை வாங்கியவரே சுமந்து சென்று திருப்பிக் கொடுக்க வேண்டுமென்பதில்லை. ஏற்கவில்லை என்று விற்றவருக்கு அறிவித்தாற் போதும். கேட்டு வாங்கியவருக்கே இப்படியென்றால், கேளாதவர் சைக்கிளிற் கட்டிக்கொண்டு போக வேண்டிய கட்டாயம் எங்கே? இதனால்தான் கீழேயுள்ள கடிதத்தில் “எடுத்துச் செல்ல ஒழுங்கு செய்க” என்று எழுதியுள்ளோம்.

இனிப் பாதுகாப்பு. வந்த சிலிண்டரை அடுப்பிற் பூட்டிப் பார்க்கக் கூடாது. ரெகுலேற்றர் பொருந்துகிறதா என்று திருகிப் பார்ப்பதும் வேண்டாம். சமையல் எரிவாயு காற்றிலும் பாரமானது. கசிந்தால் நிலத்தோடு தங்கும். எனவே பூட்டிய அறைக்குள் வைக்காமல், காற்றோட்டமான நிழலில் நிமிர்த்தி வைக்க வேண்டும். வாயுவிற்கு இயல்பாக மணம் இல்லை. கசிவை உணர்வதற்காகவே எதைல் மேர்கப்ரன் என்னும் பொருளைச் சேர்க்கிறார்கள். 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாட்டின் பல இடங்களில் காஸ் தொடர்பான வெடிப்புகள் நிகழ்ந்து, வாயுக் கலவை பற்றிய விசாரணை நடந்ததை அறிவீர்கள். யாருக்கோ வந்த சிலிண்டரைத் தொடாமல் வைப்பதற்கு நேர்மையோடு இதுவும் ஒரு காரணம்.

மாதிரி விடை:

கோவில் வீதி,
கோண்டாவில் கிழக்கு,
கோண்டாவில்.
2025.03.10

முகாமையாளர்,
எரிவாயு விற்பனை நிலையம்,
சுன்னாகம்.

ஐயா,

தவறுதலாக வழங்கப்பட்ட சிலிண்டரை மீளப் பெறல்

இம்மாதம் 8ஆம் திகதி சனிக்கிழமை முற்பகல் 10 மணியளவில் தங்கள் நிலைய ஊழியர் எமது வீட்டில் 12.5 கிலோகிராம் காஸ் சிலிண்டர் ஒன்றை இறக்கிவிட்டு, எமது வெற்றுச் சிலிண்டரை எடுத்துச் சென்றார். அவ்வேளை வீட்டில் எனது அம்மம்மா மட்டுமே இருந்தார். அவர் பணம் எதுவும் கொடுக்கவில்லை. பற்றுச்சீட்டும் தரப்படவில்லை.

எமது வீட்டார் எவரும் காஸ் கேட்டிருக்கவில்லை. எனவே இது வேறொரு வீட்டிற்குரியது என எண்ணுகிறோம். சிலிண்டரின் முத்திரை உடைக்கப்படாமல் பாதுகாப்பாக வைத்துள்ளோம்.

அன்றே தொலைபேசியில் அறிவித்தும் இதுவரை எவரும் வரவில்லை. ஆகவே இச்சிலிண்டரை எடுத்துச் செல்லவும், எமது வெற்றுச் சிலிண்டரைத் திருப்பித் தரவும் ஒழுங்கு செய்யுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். மாலை 4 மணிக்குப் பின் வீட்டில் இருப்போம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
அ.ஆ.இ.

கவனிக்குக: இதிற் குற்றச்சாட்டு இல்லை. “தங்கள் ஊழியரின் கவனயீனத்தால்” என்று எழுதினால் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சொல் அந்தப் பொடியனின் சம்பளத்திற் போய் முடியக்கூடும். நடந்ததைத்தான் நாம் அறிவோம். யார் பிழை என்பதை அறியோம். முகவரியை எழுதிக்கொண்டவர் வேறு ஆளாகவும் இருக்கலாம். “தவறுதலாக” என்ற ஒரு சொல் போதும்.

வெற்றுச் சிலிண்டரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வினாவில் அது சும்மா சொல்லப்படவில்லை. வெற்றுச் சிலிண்டர் இல்லாமல் அடுத்த தடவை காஸ் மாற்ற முடியாது. அதைக் கேட்காத விடை அரைகுறை விடையே. முத்திரை உடைக்கப்படவில்லை என்ற குறிப்பும் அவசியம். வாயு குறைந்திருக்கிறது என்று பின்னர் எவரும் சொல்ல இடமில்லாமற் போகும். சந்தேகம் வந்தால் நிறுத்தும் பார்க்கலாம். சிலிண்டரிற் பொறித்துள்ள வெற்று நிறையுடன் 12.5ஐக் கூட்டினால் நிறைந்த சிலிண்டரின் நிறை வரும்.

தொலைபேசியிற் சொன்ன பிறகு கடிதம் எதற்கு என்று கேட்கலாம். சொன்ன பேச்சை மறுக்கலாம், திகதியிட்ட கடிதத்தை மறுப்பது கடினம். ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்க.

பயிற்சி

1. ஒரு சிலிண்டர் கேட்டீர். இரண்டு வந்துள்ளன. இரண்டிற்கும் பற்றுச்சீட்டு எழுதப்பட்டுள்ளது. ஒன்றை மட்டும் ஏற்பதாக அறிவித்துக் கடிதம் எழுதுக.

2. மேலேயுள்ள கடிதத்திற்கு முகாமையாளர் எழுதும் பதிலை வரைக. கோண்டாவில் மேற்கு வீட்டாருக்கு அவர் என்ன சொல்வார் என்பதையும் இரு வசனங்களிற் சேர்க்க.

3. பணம் செலுத்தி வாங்கிய சிலிண்டரில் நிறை குறைவாக உள்ளது. விற்பனை நிலையம் பதில் தரவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுதுக. (குறிப்பு: முறைப்பாடு எழுத்தில், பொருள் வாங்கி மூன்று மாதங்களுக்குள் செய்யப்பட வேண்டும். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்துள்ளதாகக் குறிப்பிடுக.)