கண்ணுக்குக் கீழே ஒரு கறுப்புக் கோடு

அன்புள்ள தம்பிக்கு,

உன் முதல் டொமஹாக் கோடரியின் படங்களைப் பார்த்தேன். காம்பு நுழையும் கண்ணுக்குக் கீழே மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறதே, அதைக் கீறல் என்று எழுதியிருக்கிறாய். கீறல் இல்லையப்பா, அந்த இடம் ஒட்டவே இல்லை. அரத்தால் ராவிப் பார், கோடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அதை யாரிடமும் எறியக் கொடுத்துவிடாதே.

எனக்கும் அதே இடத்தில்தான் விட்டுப்போனது, மூன்று தடவை. பட்டையை மடித்து இரண்டு கன்னங்களையும் சேர்க்கும்போது வெங்காரமும் கிட்டமும் கண்ணோர மூலையில் போய் அடையும். வாய்ப் பக்கமிருந்து அடித்தால் அவை வெளியேற வழியே இருக்காது. முதல் அடி கண்ணோரம் விழட்டும்; அங்கிருந்து வாயை நோக்கி அடித்துக்கொண்டு வா. உருகிய வெங்காரம் சீறிக்கொண்டு வெளியே தெறிக்கும். தோல் ஏப்ரனும் கண்ணாடியும் இல்லாமல் நிற்காதே.

அடிக்கு முன்பு சூடு. மங்கிய சிவப்பிலேயே வெங்காரத்தைத் தூவிவிடு. மென் எஃகு கிட்டத்தட்ட 1,300 டிகிரி செல்சியஸ் வரை ஏற வேண்டும். மஞ்சள் வெளுத்து, மேல்பரப்பு உருகிய நெய்யாக மினுங்கும். நாமெல்லாம் அங்கேதான் அவசரப்படுகிறோம். வெளியே மினுங்கினாலும் நடுவில் சூடு ஏறியிருக்காது. புரட்டிப் போட்டு இன்னும் கொஞ்சம் பொறு. எடுத்ததும் தட்டுவது போல மெல்ல அடி. எடுத்த எடுப்பில் ஓங்கிப் போட்டால் கன்னங்கள் வழுக்கி விலகிவிடும்.

வாய்க்கு நடுவில் செருக கார் ஸ்பிரிங் பட்டை வைத்ததாகச் சொன்னாய். அதில் பெரும்பாலும் குரோமியம் கலந்திருக்கும். அதன் ஆக்சைடு வெங்காரத்துக்கு லேசில் மசியாது. பழைய நல்ல அரம் ஒன்றை வெட்டிச் செருகு. கரி கூடிய எஃகு சீக்கிரம் எரியும், பூப்பூவாகப் பொறி பறந்தால் அது கெட்டுப்போயிற்று என்று வெட்டி எறி.

வடிவம் பற்றியும் கேட்டிருந்தாய். 1804-05 குளிர்காலத்தில், அமெரிக்காவின் மேற்கை ஆராயப் போன லூயிஸ்-கிளார்க் பயணக் குழு மிசௌரி ஆற்றங்கரையில், இன்றைய வட டகோட்டாவில், மண்டான் பழங்குடி மக்களின் ஊர்களுக்குப் பக்கத்தில் தங்கியது. குழுவின் கொல்லர் ஜான் ஷீல்ட்ஸ் அவர்களுக்குப் போர்க்கோடரி அடித்துக் கொடுக்க, குழுவுக்கு மக்காச்சோளம் கிடைத்தது. குழுத் தலைவர்களில் ஒருவரான லூயிஸுக்கு அந்த வடிவம் பிடிக்கவேயில்லை. அலகு மெலிந்து நீண்டிருக்கிறது, காம்போ குட்டை, குறி தப்பும் என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஆனாலும் பட்டறையில் வாங்குகிறவர்கள் கேட்ட வடிவம்தான் உருவானது. பிடிக்கப்போவது அவர்கள் கை அல்லவா? நீயோ படத்தைப் பார்த்து அடிக்கிறாய். யார் கைக்கு, எதற்கு என்று முதலில் கேள்.

அடுத்த மூன்றையும் எஃகு வாய் வைக்காமல் வெறும் மென் எஃகில் செய். கால் அங்குலத் தடிமன், ஒன்றரை அங்குல அகலம், எட்டு அங்குல நீளம் போதும். துத்தநாகம் பூசிய பட்டை மட்டும் வேண்டாம், அந்தப் புகை ஆளைப் படுக்கவைத்துவிடும். ஒட்டு உள்ளே எப்படியிருக்கிறது என்று பார்க்க, மூன்றில் உனக்கு ரொம்பப் பிடித்ததை ரம்பத்தால் கண்ணிலிருந்து வாய் வரை அறு. வெட்டுமுகத்தைத் தேய்த்து, ராத்திரி முழுக்க வினிகரில் போட்டுவை. காலையில் எடுத்த படத்தை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்