சுருங்கிய தாளும் நீண்ட வழியும்

பள்ளி மாணவர் குழு ஒன்று, மருத்துவமனைக்குச் செல்லும் வழியைக் காட்டும் நிலவரைபடத்தைக் கியூஜிஸ் மென்பொருளில் வரைந்தது. 2002ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இக்கட்டற்ற மென்பொருளை யாவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். படத்தை அச்சிட்டுப் பள்ளி வாயிலில் ஒட்டுவதே குழுவின் நோக்கம். திரையில் படம் தெளிவாக இருந்தது. அச்சிட்டபோதோ இரண்டு குறைகள் உடனே தென்பட்டன. மூன்றாவது குறை எவர் கண்ணிலும் படவில்லை.

முதற்குறை மங்கல். தெருப்பெயர்களைப் படிக்க இயலவில்லை. படம் அங்குலத்திற்கு 96 புள்ளிகள் வீதம் சேமிக்கப்பட்டிருந்தது. திரைக்கு அது போதும். தெளிவான அச்சிற்கு 300 புள்ளிகள் வேண்டும். 210 மில்லிமீட்டர் அகலமுள்ள ஏ4 தாளில், 96 வீதம் 794 புள்ளிகளே அமையும். 300 வீதம் 2480 அமையும். மங்கிய படத்தைப் பெரிதாக்குவதால் தெளிவு பிறவாது. தெளிவுத்திறனை 300 ஆக மாற்றி, மீண்டும் சேமித்த பின்னரே மங்கல் நீங்கியது.

இரண்டாவது குறை எழுத்து. அச்சுப்பொறி இணைந்த வேறொரு கணினியில் கோப்பைத் திறந்தபோது, தமிழ்ப் பெயர்கள் வெற்றுக் கட்டங்களாயின. அக்கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாமையே காரணம். வரைந்த கணினியிலேயே எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றிப் பிடிஎஃப் கோப்பாகச் சேமித்ததும் பெயர்கள் முழுமையாகத் தோன்றின.

மூன்றாவது குறையே பெரிது. ஏ3 தாளுக்கென அமைத்த படத்தை, 'தாளுக்குப் பொருத்துக' என்னும் தெரிவின் வழியே ஏ4 தாளில் அச்சிட்டிருந்தனர். நீளங்கள் யாவும் ஏறத்தாழ 71 விழுக்காடாகச் சுருங்கின. ஆயினும் படத்தின் அடியில் 1:10,000 என்னும் எண் அப்படியே நின்றது. தாளில் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இடையே 5 சென்டிமீட்டர். எண்ணை நம்பினால் வழி 500 மீட்டர். உண்மையிலோ ஏறத்தாழ 700 மீட்டர். நோயுற்றவரைத் தாங்கிச் செல்வோர்க்கு அந்த 200 மீட்டர் சிறிதன்று.

மாணவி ஒருத்தி, அளவுகோலைக் கோட்டளவையின் மீது வைத்துப் பார்த்தாள். 500 மீட்டரைக் குறிக்கும் கோடு 5 சென்டிமீட்டர் இருத்தல் வேண்டும், 3.5 சென்டிமீட்டரே இருந்தது. பிழை வெளிப்பட்டது. படம் சுருங்கினால் கோடும் உடன் சுருங்கும். ஆதலால் கோடு பொய் கூறாது. எண் தானாக மாறாது. குழுவினர் பக்க அளவை ஏ4 ஆக மாற்றி, படத்தை அதற்கேற்பத் திருத்தியமைத்து, 100 விழுக்காட்டு அளவில் அச்சிட்டனர்.

இந்திய நிலத்தை அளந்த பெரும்பணியும் ஒரு கோட்டிலிருந்தே தொடங்கிற்று. 1802இல் வில்லியம் லாம்டன் என்பார், சென்னைப் பரங்கிமலையருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். கருவிகள் மாறின, அளந்து சரிபார்க்கும் கடமை மாறவில்லை.

சொற்பொருள்

கட்டற்ற மென்பொருள் – எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருள்
எழுத்துரு – கணினியில் எழுத்துகளின் வடிவத் தொகுப்பு
கோட்டளவை – தொலைவைக் கோட்டின் நீளத்தால் காட்டும் முறை
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு

பயிற்சி

1. தமிழ்ப் பெயர்கள் கட்டங்களாகத் தோன்றியது ஏன்?
2. 'கோடு பொய் கூறாது' என்பதன் பொருளை விளக்குக.
3. பிரித்து எழுதுக: முதற்குறை, கோட்டளவை.
4. உம் வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்லும் வழியைக் கோட்டளவையுடன் வரைந்து, தெருப்பெயர்களைத் தமிழில் எழுதுக.