கல்லீரல் செல்லுக்குள் ஹெபடைட்டிஸ் பி நுழையும் வழி

கொடும்பாளூர், விராலிமலைப் பக்கத்திலிருந்து சிகிச்சைக்கு வரும் குடும்பத்தார் அடிக்கடி எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு: "இரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை என்கிறீர்கள், பிறகும் மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது?" இதற்கான விடை, அவ்வைரஸ் செல்லுக்குள் புகும் விதத்திலும் புகுந்தபின் தங்கும் இடத்திலும் இருக்கிறது.

கல்லீரல் சுரக்கும் பித்த உப்புகள் குடலில் கொழுப்பைச் செரிக்க உதவியபின் வீணாவதில்லை. அவற்றின் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியே கல்லீரலுக்கே திரும்புகிறது. அவற்றை உள்ளே எடுத்துக்கொள்ளக் கல்லீரல் செல்லின் சவ்வில் என்.டி.சி.பி. என்னும் புரதம் அமைந்துள்ளது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் பற்றுவது இதையே. முதலில் செல்லின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளில் தளர்வாக ஒட்டுகிறது; பின்பு தன் மேலுறையின் ஒரு பகுதியால் இப்புரதத்தை இறுகப் பிடிக்கிறது. செல்லின் சவ்வு உட்குழிந்து வைரஸை உள்ளே வாங்கிக்கொள்கிறது. பித்த உப்புக்கென வைத்த வாசல் பகைவனுக்கும் திறந்துவிடுகிறது. பிளம்பர்க் இவ்வைரஸை 1960களில் அடையாளங்கண்டார்; வாசலைக் கண்டறிந்ததோ 2012இல், பெய்ஜிங்கில் வென்ஹுயி லீ குழுவினர்.

உள்ளே புகுந்த வைரஸின் டி.என்.ஏ. செல்லின் உட்கருவை அடைந்து, மூடிய வளையமாகத் தங்கிவிடுகிறது. புதிய வைரஸ்களுக்கு அதுவே மூலப்படி. டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் படியெடுப்பைத் தடுக்கின்றன; வளையத்தை அகற்றுவதில்லை. ஆகவே இரத்தம் தெளிவாக இருக்கும்போதே மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகும். சிலருக்குக் கல்லீரல் செயலிழக்கும் அளவுக்கு அழற்சி மூளும்.

கீழாநெல்லியைப் பற்றியும் கேட்கிறார்கள். சென்னையில் தியாகராஜன் குழுவினர் 1988இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வில், அதை உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற இடங்களில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அப்பலன் உறுதிப்படவில்லை. அசுத்த நீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ காமாலை பெரும்பாலும் தானே தணிவது. அதன் புகழும் இச்செடிக்கே போய்ச் சேர்கிறது. ஹெபடைட்டிஸ் பி மாத்திரைக்கு இது மாற்றாகாது.

தடுப்பூசி வேலை செய்வது வாசலுக்கு வெளியே. அதனால் உருவாகும் எதிர்ப்பொருள்கள் வைரஸின் மேலுறையைச் சூழ்ந்து, செல்லில் ஒட்டவிடாமல் செய்கின்றன. பிறந்தவுடன் தொற்றும் குழந்தைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு அது நாட்பட்ட நோயாகிறது. நல்ல உடல்நலமுள்ள பெரியவர்களில் 5 விழுக்காட்டுக்கும் குறைவே. எனவே பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி தேவை. தாய்க்குத் தொற்றிருந்தால் இம்யூனோகுளோபுலினும் சேர்த்துப் போடப்படும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் அடங்கிய பெண்டாவேலன்ட் ஊசி தமிழ்நாட்டில் 2011 டிசம்பரில் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தோரில் பலர் ஊசி போடாதவர்கள். நோயாளியின் துணைவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் யாவரும் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தொற்றில்லாதவர்க்கு மூன்று தவணை ஊசி போதும். சவர பிளேடும் பல்துலக்கியும் தனியாக இருக்கட்டும். சோற்றுத் தட்டைப் பிரித்துவைக்க வேண்டியதில்லை.