முதல் வீட்டுக்கான பணம் எங்கே மிச்சமாகிறது?

வீடு வாங்கக் காசு சேர்க்கும் இளம் தம்பதிகள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எதுல போட்டா நல்லா வளரும்?" என்றுதான். ஐந்து வருடக் கணக்கில் அது இரண்டாவது கேள்வி. எவ்வளவு வேண்டும், குடியிருக்கும் வீட்டுக்கு மாதம் எவ்வளவு போகிறது என்பவை அதற்கு முன்னால் நிற்கின்றன.

சென்னைக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேடவாக்கம் பக்கம் 18,000 ரூபாய் வாடகை. இருவருக்கும் வேலை, மூன்று வயதில் ஒரு குழந்தை. மாதம் 25,000 ஒதுக்க முடிகிறது. மனதில் இருப்பது 50 லட்சத்தில் இரண்டு பெட்ரூம் பழைய ஃபிளாட்.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை கடன் என்றால், வீட்டு மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டிக் கொடுக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. ஆகவே கைப்பணம் 10 லட்சம். பலருடைய கணக்கு இதோடு முடிந்துவிடுகிறது. பத்திரச் செலவுக்கு வங்கி பெரும்பாலும் கடன் கொடுக்காது. தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 50 லட்சத்துக்கு அது நாலரை லட்சம். புரோக்கர் கமிஷன், வக்கீல் ஒப்பீனியன், சமையலறை அலமாரி, பால்கனி கிரில், வீடு மாற்றும் செலவு எல்லாம் சேர்ந்து இரண்டு, இரண்டரை லட்சத்தை விழுங்கும். ஆகத் தேவை 17 லட்சம்.

விற்பவர் "பத்திரத்துல 38 போட்டுக்கலாம், மிச்சம் கையில குடுங்க" என்றால் கணக்கே மாறிவிடும். பத்திர மதிப்புக்குத்தான் கடன். 38 லட்சத்தில் 80 சதவீதம் 30 லட்சத்து 40 ஆயிரம். பத்திரச் செலவில் ஒரு லட்சம் சொச்சம் மிச்சம் என்று மகிழ்வதற்குள் கைப்பணம் 10 லட்சத்திலிருந்து 19 லட்சத்து 60 ஆயிரமாகிவிடும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது என்பது வேறு. மாதச் சம்பளக்காரர்கள் இப்படிப்பட்ட வீட்டை விட்டுவிடுவதே நல்லது.

புதிய ஃபிளாட்டின் செலவு வேறு மாதிரி. முதல் விற்பனையாக 50 லட்சம் வரையுள்ள ஃபிளாட்டுக்கு முத்திரைத்தீர்வை 4, பதிவு 2, ஆக 6 சதவீதம்தான். ஆனால் கட்டிக்கொண்டிருக்கும்போதே வாங்கினால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. கூடும் (45 லட்சத்துக்குள், குறிப்பிட்ட பரப்பளவுக்குள் இருந்தால் 1 சதவீதம்). பணி முடிந்து நிறைவுச் சான்றும் வந்தபின் வாங்கினால் ஜி.எஸ்.டி. இல்லை. செலவை மட்டும் பார்த்தால், கட்டி முடித்தும் விற்காமல் நிற்கும் புது ஃபிளாட்தான் மூன்றில் மலிவு. கட்டுமானத்தில் இருப்பதை வாங்குபவர் சாவி வரும்வரை வாடகையும் கட்டி, வங்கிக்கு வட்டியும் கட்டவேண்டும். பிள்ளை பள்ளியில் சேரும் வருடத்தில் இந்த இரட்டைச் சுமை வேண்டாம்.

எதில் போடுவது

மாதம் 25,000 வீதம் ஐந்து வருடம் போட்டால் அசலே 15 லட்சம். அஞ்சலக ஆர்.டி.யில் 6.7 சதவீத வட்டிக்கு முதிர்வில் சுமார் 17 லட்சத்து 84 ஆயிரம் வரும். வட்டிக்கு வரி உண்டு. அதே பணத்தை மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி.யில் போட்டு, வருடம் 12 சதவீதம் வளர்ந்ததாக வைத்தால் 20 லட்சத்து 60 ஆயிரம். இந்த 12 வெறும் அனுமானம், யாரும் தரும் உறுதியல்ல. 2020 ஜனவரியில் 42,000 புள்ளியைத் தொட்ட சென்செக்ஸ், மார்ச் 23 அன்று 26,000-க்குக் கீழே முடிந்தது. அந்த மார்ச்சில் பத்திரத் தேதி குறித்திருந்தவரை நினைத்துப் பாருங்கள்.

இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டே முக்கால் லட்சம். அதுவும் எல்லாம் சரியாகப் போனால். ஐந்து வருடம் என்பது கூட்டுவட்டி வேலை காட்டப் போதாத காலம். சேர்வதில் பெரும்பங்கு நீங்கள் போட்ட பணமேதான். வாடகையில் மாதம் 5,000 குறைந்தால் அறுபது மாதத்தில் மூன்று லட்சம், எந்த ஆபத்தும் இல்லாமல். ஃபண்ட் தேடும் நேரத்தில் பாதியை வாடகை வீடு தேடுவதில் செலவிடச் சொல்வேன்.

சீட்டு பற்றிச் சொல்லாமல் விட்டால் நம் ஊர்க் கட்டுரையாக இருக்காது. ஐந்து லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 பேர், மாதம் 25,000 என்று வையுங்கள். ஒருவர் ஒரு லட்சம் தள்ளி எடுக்கிறார், அவர் கைக்கு 4 லட்சம். தள்ளிய ஒரு லட்சத்தில் கம்பெனி கமிஷன் 5 சதவீதம், அதாவது 25,000 போக, மிச்சம் 75,000-ஐ இருபது பேருக்குப் பிரித்தால் தலைக்கு 3,750. அந்த மாதம் நீங்கள் கட்டுவது 21,250. (2019 திருத்தத்துக்குப் பிறகு கமிஷன் 7 சதவீதம் வரை போகலாம்.) இதை முதலீடாகப் பார்க்கவேண்டாம். கட்டாயச் சேமிப்பு, அவசரத்துக்குக் கடன், இரண்டும் சேர்ந்த ஏற்பாடு இது. பத்திர மாதத்தில் எடுத்தால் உதவும். எடுத்தபின் ஜாமீன் கேட்பார்கள், மீதித் தவணை ஈ.எம்.ஐ.யோடு சேர்ந்து கழுத்தை நெரிக்கும். ஆகவே கடைசி மூன்று நான்கு தவணை மட்டுமே பாக்கி என்னும் நிலையில் எடுங்கள். சீட்டுப் பதிவாளர் அந்தச் சீட்டுக்குக் கொடுத்த முன் அனுமதி ஆணை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத தெருச் சீட்டில் வீட்டுப் பணத்தைப் போடவேண்டாம், நடத்துபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

நகைக்கடைச் சீட்டு இந்தக் காரியத்துக்கு ஆகாது. முடிவில் கைக்கு வருவது நகை. பணம் வேண்டுமென்றால் திரும்ப விற்கவேண்டும், அதில் அடிபடுவீர்கள். பி.எஃப். பணத்தை வீட்டுக்கு எடுக்க வழி உண்டு. ஆனால் 2024-25-க்கு 8.25 சதவீதம் வட்டி தந்த பணம் அது; வீட்டுக்கடன் வட்டியும் ஏறக்குறைய அவ்வளவுதான். பற்றாக்குறையை அடைக்க மட்டும் தொடலாம்.

லீசா, வாடகையா?

ஓரளவு பணம் சேர்ந்தவுடன் யாராவது ஒருவர், "எதுக்கு மாசாமாசம் வாடகை? லீசுக்குப் போயிடுங்க" என்பார். மேலே சொன்ன அதே 18,000 ரூபாய் வீட்டை 14 லட்சம் லீசுக்குக் கேட்கிறார்கள் என்று வைப்போம். வருட வாடகை 2 லட்சத்து 16 ஆயிரம் மிச்சம். 14 லட்சத்தை ஏழு சதவீத டெபாசிட்டில் போட்டிருந்தால் 98,000 வந்திருக்கும். ஆக வருடத்துக்கு 1 லட்சத்து 18 ஆயிரம் லாபம், காகிதத்தில்.

இதையே வீட்டுக்காரர் பக்கமிருந்து பாருங்கள். 14 லட்சத்துக்காக அவர் வருடம் 2 லட்சத்து 16 ஆயிரம் வருமானத்தை விடுகிறார். 15 சதவீதத்துக்கு மேல் வட்டி. சொந்தமாக வீடு வைத்திருப்பவருக்கு அந்த வீட்டின் பேரிலேயே வங்கி இதைவிடக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கும். அப்படியிருந்தும் உங்களிடம் வருகிறார் என்றால், ஏன் வங்கியிடம் போகவில்லை? ஏற்கெனவே அந்த வீட்டில் கடன் இருக்கலாம், தவணை தவறியிருக்கலாம், வியாபாரத்தில் முடை இருக்கலாம். மகளின் கல்யாணச் செலவு போன்ற நியாயமான காரணமாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் பணம் கொடுத்தால், ஈடில்லாத கடன் கொடுத்ததாகத்தான் அர்த்தம்.

தெரிந்துகொள்ள ஒரு வழி வில்லங்கச் சான்று. பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம், முப்பது வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். அதில் "உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு" என்ற பதிவு இருந்து, அதற்குப் பின் ரத்து ரசீது இல்லையென்றால், அசல் பத்திரம் வங்கியில் இருக்கிறது. வங்கி 2002-ன் சர்ஃபேசி சட்டப்படி வீட்டை எடுக்க வந்தால், பதிவில்லாத ஒப்பந்தத்தைக் காட்டி நீங்கள் நிற்பது மிகக் கடினம்.

அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் முத்திரைத்தாளில் 11 மாதத்துக்குப் போட்டதாக இருக்கும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீசைச் சட்டப்படிப் பதிவு செய்யவேண்டும் என்பதால்தான் அந்த 11. வாடகை வீட்டுக்கு இந்தத் தந்திரம் பெரிய கெடுதல் செய்யாது. போனால் அட்வான்ஸ் போகும். 14 லட்சத்துக்கு இது போதாது. பதிவு செய்யமாட்டேன் என்று வீட்டுக்காரர் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். நகையை அடகு வைத்து லீசுக்குப் போவதை நினைக்கவே வேண்டாம். மேலும், 14 லட்சம் கையில் இருப்பவர் சொந்த வீட்டுக்கு மிக அருகில் வந்துவிட்டவர். அவருக்கு லீசு தேவைப்படுவது, இரண்டு வருடம் கட்டாயமாகக் காத்திருக்கக் காரணம் இருந்தால் மட்டும்.

வாடகையைக் குறைக்கும் மற்ற வழிகளில் முதலாவது தள்ளிப் போவது. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கம் மின்சார ரயிலில் சீசன் டிக்கெட் எடுத்துப் போக முடிகிறவர்களுக்கு இது கைகொடுக்கும். பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலகம் இருந்து, இருவரும் தனித்தனியாக வண்டி ஓட்டவேண்டியிருந்தால் பெட்ரோலே மிச்சத்தைத் தின்றுவிடும். குழந்தையைக் காப்பகத்திலிருந்து அழைக்கத் தாமதமாகும் ஒவ்வொரு மாலையும் தனி. அட்வான்ஸையும் பேசிப் பாருங்கள். பத்து மாதம் என்ற பழைய சென்னை வழக்கம் கல்வெட்டில் எழுதியதல்ல. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகையைத்தான் உச்சமாக வைக்கிறது.

இரண்டாவது வழி, மாமனார் மாமியார் வீடோ அப்பா அம்மா வீடோ. வாடகை 18,000 முழுதும் மிச்சம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள். இதைவிட வேகமாகப் பணம் சேர்க்கும் திட்டத்தை எந்த வங்கியும் வைத்திருக்கவில்லை. ஆனால் விலையைக் கட்டுவது பெரும்பாலும் மருமகள். அவர் மனமாரச் சரி என்று சொல்லாமல் போகவேண்டாம். போனாலும் "இரண்டு வருடம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, மளிகையோ கரண்ட் பில்லோ ஒன்றை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மனை வாங்கிப் போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு வாங்கும் கடனின் தவணையும் வாடகையும் சேர்ந்தே ஓடும். மூன்று வருடத்துக்குள் கட்டுவதாக இருந்தால் ஒழிய, முதல் வீட்டுச் சேமிப்பை அதில் முடக்கவேண்டாம்.

40 லட்சம் கடனுக்கு எட்டரை சதவீதத்தில் 20 வருடத்துக்கு ஈ.எம்.ஐ. சுமார் 34,700. இப்போது வாடகையும் சேமிப்பும் சேர்த்து நீங்கள் சமாளிப்பது 43,000. இடையில் இருக்கும் 8,300-ல்தான் பராமரிப்புக் கட்டணம், சொத்துவரி, பள்ளிக் கட்டண உயர்வு எல்லாம் அடங்கவேண்டும். அடங்காது என்று தோன்றினால் விலை குறைந்த வீட்டைப் பாருங்கள், கடனை 25 வருடமாக நீட்டுவதற்கு முன்னால்.

வீடு பிடித்துவிட்டால் டோக்கன் அட்வான்ஸ் கேட்பார்கள். பத்திர நகல்களை வங்கியின் வக்கீல் பார்ப்பதற்கு முன்னால் பெரிய தொகை கொடுக்காதீர்கள். கடன் கிடைக்காமலோ பத்திரத்தில் குறை இருந்தோ வாங்க முடியாமல் போனால் அட்வான்ஸ் இத்தனை நாளில் திரும்ப வரவேண்டும் என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள்.