பழைய போனுக்குப் புது பேட்டரி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மூன்று, நான்கு வருடம் ஓடிய போனில் பெரும்பாலும் முதலில் தளர்வது பேட்டரிதான். திரையும் கேமராவும் நன்றாகவே இருக்கும். ஆனாலும் ‘சார்ஜ் நிக்கல, வேற போன் வாங்கிடலாம்’ என்றுதான் பல வீடுகளில் முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவுக்குத் தள்ளும் நம்பிக்கைகளில் பல தவறானவை. சில பாதி உண்மை.

“போன் ஸ்லோ ஆகிவிட்டது. இனி பேட்டரி மாற்றிப் பயனில்லை.”

அதிகம் பணத்தை வீணாக்கும் நம்பிக்கை இது. லித்தியம் அயான் பேட்டரி பழசாகும்போது அதன் கொள்ளளவு குறைகிறது. அதை எல்லோரும் கவனிக்கிறோம். கூடவே அதன் உள்மின்தடை ஏறுகிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. கேமராவைத் திறக்கும்போது ப்ராசஸர் ஒரு கணம் அதிக மின்சாரம் கேட்கும். தடை ஏறிய பேட்டரியால் அதைக் கொடுக்க முடியாமல் மின்னழுத்தம் சட்டென்று சரியும். 30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் திடீரென்று ஸ்விட்ச் ஆஃப் ஆவது இப்படித்தான்.

இதைச் சமாளிக்க ஆப்பிள் நிறுவனம் 2017 ஜனவரியில் ஐஓஎஸ் 10.2.1 வழியாக ஓர் ஏற்பாடு செய்தது. ஐபோன் 6, 6எஸ் போன்ற மாடல்களில் பேட்டரி தேய்ந்திருந்தால் ப்ராசஸரின் வேகம் தானாகக் குறைக்கப்பட்டது. வாங்கியவர்களிடம் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. பேட்டரியை மாற்றியதும் பழைய வேகம் திரும்புவதைக் கண்டவர்கள் கேள்வி எழுப்பினார்கள். டிசம்பரில் நிறுவனம் ஒப்புக்கொண்டு, மன்னிப்பும் கேட்டது. அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணம் 29 டாலராக இறங்கியது. 2020-ல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அபராதத்தைவிட எனக்கு உறுத்துவது, பேட்டரி மாற்றினாலே தீர்ந்திருக்கும் பிரச்சினைக்கு எத்தனை பேர் புதுப் போன் வாங்கியிருப்பார்கள் என்பதுதான்.

எல்லா மந்தத்துக்கும் பேட்டரியே காரணம் என்று சொல்ல வரவில்லை. ஸ்டோரேஜ் நிரம்பிய போன் புது பேட்டரி போட்டாலும் திணறத்தான் செய்யும். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் வங்கி ஆப்பை வைத்திருப்பதும் நல்லதல்ல. இவ்விரண்டையும் பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

“அதிக எம்ஏஎச் பேட்டரி போட்டால் இன்னும் நேரம் நிற்கும்.”

போனுக்குள் பேட்டரிக்கு இருக்கும் இடம் அதே இடம்தான். ஒரிஜினல் 3000 எம்ஏஎச்சாக இருக்க, அதே நீள அகலத்தில், அதே தடிமனில், குறைந்த விலையில் 4500 என்று அச்சிட்டு விற்றால் அந்த எண்ணை நம்பாதீர்கள். எண்ணைவிட முக்கியமாக இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பிஐஎஸ் பதிவு எண். இந்தியாவில் விற்கப்படும் லித்தியம் பேட்டரிகள் ஐஎஸ் 16046 தரத்தின்கீழ் கட்டாயம் பதிவாக வேண்டும். அந்த எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் சரிபார்க்கலாம். இன்னொன்று, தயாரித்த தேதி. பேட்டரி டப்பாவுக்குள் சும்மா கிடந்தாலும் மூப்படையும். பல வருடம் கடையில் கிடந்த ஒரிஜினல் பேட்டரி, சீல் பிரிக்காததாக இருந்தாலும் புதுசு அல்ல.

“புது பேட்டரியை முதலில் எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும். எப்போதும் பூஜ்ஜியம் வரை இறக்கித்தான் ஏற்ற வேண்டும்.”

இது நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம். சோனி 1991-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் வகைக்கு இது பொருந்தாது. அடிக்கடி பூஜ்ஜியத்தைத் தொடுவது அதற்குக் கெடுதல். மாற்றிய பிறகு சதவீதக் கணக்கு தாறுமாறாக இருந்தால், ஒரே ஒரு முறை முழுக்க இறக்கி ஏற்றலாம். அதற்கு மேல் வேண்டாம்.

“ராத்திரி முழுக்கச் சார்ஜில் கிடந்தால் பேட்டரி வெடிக்கும்.”

நல்ல போனும் நல்ல சார்ஜரும் என்றால், நிரம்பியதும் போனே மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும். பேட்டரியைத் தின்பது சூடு. முழுச் சார்ஜில் சூடாகக் கிடப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். தலையணைக்கு அடியில் சார்ஜ் போடாதீர்கள். பைக் ஹேண்டில்பாரில் மாட்டி, சித்திரை வெயிலில் மேப் ஓட்டிக்கொண்டே சார்ஜும் ஏற்றும் டெலிவரி ஊழியர்களின் பேட்டரி சீக்கிரம் தேய்வதற்குக் காரணம் இதுதான்.

“உப்பிய பேட்டரியை ஊசியால் குத்தினால் காற்று இறங்கிவிடும்.”

தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே இருப்பது எலக்ட்ரோலைட் சிதைந்து உண்டான வாயு; எளிதில் தீப்பற்றும். குத்தும் ஊசி உள்ளே மின்முனைகளை ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால் ஷார்ட் சர்க்யூட் ஆகி நொடிகளில் தீப்பிடிக்கும். 2016-ல் சாம்சங் நோட் 7 போன்கள் எரிந்ததும் பேட்டரிக்குள் ஏற்பட்ட ஷார்ட் சர்க்யூட்டால்தான். பின்மூடி புடைத்தாலோ, திரை ஒரு பக்கம் தூக்கினாலோ உடனே சார்ஜரைப் பிடுங்கி, போனை அணைத்துவிடுங்கள். அழுத்தி மூடப் பார்க்காமல் அப்படியே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். பசை போட்டு ஒட்டிய பேட்டரியை வீட்டில் ஸ்க்ரூடிரைவரால் நெம்புவதும் இதே அளவு ஆபத்து.

பேட்டரி மாற்றினால் போட்டோவெல்லாம் அழிந்துவிடுமா? அழியாது, அவை இருப்பது போர்டில் உள்ள மெமரி சிப்பில். ஆனாலும் பேக்கப் எடுத்துவிட்டுக் கொடுங்கள். தண்ணீர் புகாத தன்மை போய்விடும் என்பது மட்டும் ஓரளவு சரி. கழற்றிய சீலுக்குப் பதில் புது சீல் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒட்டினாலும் பழைய உறுதியை நம்பித் தண்ணீரில் இறக்க வேண்டாம்.

கழற்றிய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். குப்பை லாரியில் நசுங்கினால் அங்கேயும் தீப்பிடிக்கும்; ஆபத்து தூய்மைப் பணியாளருக்கு. 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரிகளைச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது வைத்திருக்கின்றன. முனைகளில் டேப் ஒட்டி, மாற்றிய சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.