மேட்டுக்காடுகளில் மழைநீர்ப் படலமும் மண் இழப்பும்

பள்ளிபாளையம், ஈரோட்டுக்கு எதிரே காவிரியின் கிழக்குக்கரையில் உள்ளது. மேட்டூர் கிழக்குக்கரை வாய்க்கால் பாயும் நிலங்களில் நெல்லும் கரும்பும் மஞ்சளும் விளைகின்றன. வாய்க்கால் ஏறாத செம்மண் மேட்டுக்காடுகளோ மழையையே நம்பியவை. ஐப்பசியில் கனமழை பெய்யுங்கால் ஓடைகள் புரள்வதை யாவரும் காண்பர். அதற்கு முன்னரே, ஒரு நெல்லின் பருமனேயுள்ள ஜலப்படலம் காடு முழுதும் ஓசையின்றி நழுவிச் செல்வதைக் கவனிப்பவர் சிலரே.

இப்படலத்தின் அடிப்பாகம் தரையைப் பற்றி அசையாது நிற்கும்; மேற்பாகமே விரையும். ஆதலால் படலம் மெலிந்திருக்குமளவும் தரையின் பிடி அதனைத் தடுத்து நிறுத்துகிறது. ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் நுஸ்ஸெல்ட், நீராவி குளிர்ந்து சுவரில் வழியும் நீரை ஆராய்ந்து, 1916-ஆம் ஆண்டில் இதற்குக் கணக்கு வகுத்தார். கலங்காது ஓடும் மெல்லிய படலத்தின் வேகம் அதன் கனத்தின் வர்க்கத்திற்கேற்ப உயரும். 100 அடிக்கு 1 அடி சரிவுள்ள வழவழப்பான தரையில் 1 மில்லிமீட்டர் கனமுள்ள படலம் விநாடிக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நகரும். கனம் 2 மில்லிமீட்டரானால் 15 சென்டிமீட்டர் ஓடும். அப்போது செல்லும் ஜலத்தின் அளவோ எட்டு மடங்கு. கட்டியும் தாளும் கிடக்கும் உழவுக்காட்டில் வேகம் இதனினும் குறைவு.

மழைத்துளி மண்ணைத் தகர்க்கிறது. படலம் அதனைச் சுமக்கிறது. சரிவு நீள நீள, மேலிருந்து வரும் ஜலம் சேர்ந்து கனம் ஏறும். அது ஒரு பள்ளத்தில் திரண்டவுடன் தரையை அறுக்கத் தொடங்கும். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மண் போயின், அது 4 கன மீட்டர். எடையில் 5 டன்னுக்கும் மேல். அவ்வளவு மண்ணை அண்டைக்காட்டுக்காரர் வண்டியில் ஏற்றிச் சென்றால் வழக்கிடுவோர், மழை கொண்டுபோவதைப் பேசாது பார்த்திருக்கின்றனர்.

ஆகவே சரிவின் நீளத்தை இடையிடையே துண்டித்தல் வேண்டும். சரிவுக்குக் குறுக்கே உழுவதும் சம உயர வரப்பிடுவதும் இதற்கான வழிகள். வரப்பு சமமட்டத்தைப் பின்பற்ற வேண்டுமேயன்றி, பட்டா எல்லையையன்று. இதில் அண்டைக்காட்டாருடன் உடன்பாடு அவசியமாதலின், கிராம அதிகாரிகள் முன்னின்று பேசி முடித்தல் நலம். மிகுநீர் வெளியேறக் கல் பதித்த போக்கி விடாத வரப்பு உடையுமாயின், தேங்கிய ஜலம் ஒருங்கே பாய்ந்து, வரப்பே இல்லாத காட்டினும் பெருங்கேடு விளைக்கும்.

காட்டில் மண் போகிறதா என்றறிய, பெருமழைக்கு மறுநாள் குனிந்து பார்த்தல் போதும். சிறு கற்கள் விரற்கனமுள்ள மண்தூண்களின்மேல் நிற்குமாயின், அத்தூணின் உயரமே இழந்த மண்ணின் அளவு.